வெண்ணெய், மாவு, பால்: ஒரு சாஸில் தொடங்கும் பிரெஞ்சுச் சமையல்

மேலே சீஸ் உருகிப் பொன்னிறமாகப் பொரிந்திருக்கும் க்ரோக் மெஸ்யூ, பாரிஸ் காப்பிக்கடைகளில் மதியப் பசிக்குச் சாப்பிடும் ரொட்டி. சாஸும் சீஸும் போட்டு ஓவனில் பொன்னிறமாக்கும் காலிஃப்ளவர் கிராத்தான் பிரெஞ்சு வீடுகளில் வாரநாள் இரவுக்குச் செய்வது. விருந்தினர் மேசையில் உட்கார்ந்த பிறகே ஓவனிலிருந்து எடுக்கும், அடித்த முட்டையால் உப்பி எழும் சீஸ் சூஃப்ளேயோ, சமையல்காரருக்கே கொஞ்சம் படபடப்பைத் தருவது. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சாஸ்: வெண்ணெய், மைதா, பால் சேர்ந்த பெஷமெல். எவ்வளவு பாலுக்கு எவ்வளவு மாவு என்பதில்தான் இவை பிரிகின்றன. பெஷமெல் கைக்கு வந்துவிட்டால் பிரெஞ்சுச் சமையலில் ஒரு பெரும்பகுதி தானாகத் திறந்துகொள்ளும். அது வராமல் சூஃப்ளேயில் கை வைப்பவர்கள், தோற்றதற்கு முட்டையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தவறு அதற்கு முன்பே, சாஸில் நடந்திருக்கும்.

மாவை ஏன் கொழுப்பில் வறுக்க வேண்டும்

கேழ்வரகு மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும் என்பது கூழ் காய்ச்சியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டிக்கும் வெளிப்புற மாவு உடனே வெந்து பசையாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் மாவுக்குத் தண்ணீர் போய்ச் சேர வழியில்லை. அதனால்தான் முதலில் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு பிறகு ஊற்றுகிறோம். அதாவது, சூடு படுவதற்கு முன்பே துகள்களைத் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறோம்.

பிரெஞ்சுக்காரர்கள் அதே வேலையைத் தண்ணீருக்குப் பதில் கொழுப்பை வைத்துச் செய்கிறார்கள். உருகிய வெண்ணெயில் மைதாவைப் போட்டுக் கிளறும்போது ஒவ்வொரு துகளின் மேலும் கொழுப்பு படர்கிறது. பிறகு பாலை ஊற்றினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பாலில் பரவி, தனித்தனியே உப்பும். கோதுமை மாவில் உள்ள ஸ்டார்ச் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி உப்பத் தொடங்கினாலும், முழுக் கெட்டித்தன்மை வருவது கொதிநிலையை நெருங்கும்போதுதான். சாஸ் ஒருமுறையாவது கொதிக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இது. வெண்ணெயில் வறுபட்ட இந்த மாவுக் கலவைக்குப் பெயர் 'ரூ'. வறுப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. மாவின் பச்சை வாசனை போய்விடும். தண்ணீரில் கரைத்து ஊற்றிய மாவில் அது போக நெடுநேரம் ஆகும்.

ரூவை வெளுப்பாக விடலாம், இளம்பொன்னிறமாக்கலாம், பழுப்பாகவும் வறுக்கலாம். நிறம் கூடக் கூட மணம் கூடும், கெட்டிப்படுத்தும் சக்தி குறையும். வறட்டுச் சூட்டில் ஸ்டார்ச் உடைந்துபோவதே காரணம். பெஷமெல்லுக்கு வெளுத்த ரூ போதும்.

பெயருக்குச் சொந்தக்காரர் லூயி த பெஷமெய்ல். பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனையில் விருந்து மேற்பார்வை செய்தவர், 1703இல் இறந்தார். சாஸை அவர் கண்டுபிடிக்கவில்லை, அவரைப் பெருமைப்படுத்த அவர் பெயரை வைத்தார்கள் என்பதே பொதுவான கருத்து. மாவைக் கொழுப்பில் வறுத்துச் சாறுகளைக் கெட்டியாக்கும் முறை 1651இல் வெளிவந்த, பிரெஞ்சுச் சமையல்காரர் லா வரேனின் சமையல் நூலிலேயே இருக்கிறது. ஒரு வேடிக்கை: இன்று சைவச் சமையலுக்கு வசதியான சாஸாக நாம் நினைக்கும் பெஷமெல், புகழ்பெற்ற பிரெஞ்சுச் சமையல்காரர் எஸ்கோஃபியேயின் 1903ஆம் ஆண்டுச் செய்முறையில் கன்றிறைச்சித் துண்டுகளோடு காய்ந்தது. இறைச்சி பிற்பாடு உதிர்ந்துபோயிற்று. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அளவு

வெண்ணெயும் மைதாவும் சம எடை. சம கரண்டி அல்ல. தொடக்கத்திலேயே பலரும் சறுக்கும் இடம் இது. தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி (15 மி.லி.) மைதா சுமார் 8 கிராம்தான் இருக்கும், அதே கரண்டி வெண்ணெய் 14 கிராம். ஆளுக்கு ஒரு கரண்டி போட்டால் ரூ எண்ணெய் மிதக்கும் குழம்பாகிவிடும், சாஸும் கெட்டிப்படாது. தராசு இல்லாவிட்டால் 100 கிராம் வெண்ணெய்க் கட்டியை நான்காக வெட்டுங்கள். ஒரு துண்டு 25 கிராம். அதற்குத் தலைதட்டி மூன்று கரண்டி மைதா.

அரை லிட்டர் பாலுக்கு வெண்ணெய், மைதா ஒவ்வொன்றும் 20 முதல் 25 கிராம் என்றால் சூப் பதம்; கரண்டியிலிருந்து மெல்லிய திரையாக வடியும். ஒவ்வொன்றும் 40 கிராம் என்றால் கிராத்தான் பதம்; கரண்டியின் முதுகில் படர்ந்து நிற்கும், விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாது. 50 கிராமில் ரொட்டி மேல் தடவினால் ஓடாது. 60 கிராமில் சூஃப்ளேக்கான அடிப்படை. கரண்டியைக் கவிழ்த்தால் மெதுவாகத் தொப்பென்று விழும்.

இந்த நான்கு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால், அளவு சொல்லாத செய்முறையையும் தயக்கமின்றிச் செய்யலாம்.

பொருள்களைப் பற்றிச் சில குறிப்புகள். கடைகளில் கிடைக்கும் மஞ்சள் வெண்ணெய்க் கட்டி பெரும்பாலும் உப்பிட்டது. சீஸிலும் உப்பு உண்டு. ஆகவே உப்பைக் கடைசியில், ருசி பார்த்தபின் போடுங்கள். நெய்யிலும் ரூ வரும். வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீரும் பால்திடப்பொருளும் இருப்பதால், 40 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 32 கிராம் நெய் போதும். ஆனால் நெய்யின் மணம் சாஸை ஆக்கிரமித்துவிடும்; சூஃப்ளேயில் அது துருத்திக்கொண்டு தெரியும். பால் விஷயத்தில், கொழுப்புக் கூடினால் ருசி கூடும் என்று ஃபுல் கிரீம் பாக்கெட்டை எடுக்க வேண்டியதில்லை. பிரான்சின் முழுப்பாலில் கொழுப்பு மூன்றரை சதவீதம். நம் டோன்டு பால் 3, ஃபுல் கிரீம் 6. டோன்டு பால்தான் அதற்கு நெருக்கம். கோதுமை மாவு வேண்டாம். தவிடு சாஸைச் சொரசொரப்பாக்கும், நிறமும் மங்கும்.

செய்யும் விதம்

அரை லிட்டர் பாலில் தோலுரித்த அரை வெங்காயத்தைப் போடுங்கள். அதில் இரண்டு கிராம்பைக் குத்திவையுங்கள். பால் ஓரத்தில் நுரைக்கத் தொடங்கியதும் அணைத்து, மூடி, கால் மணி நேரம் விடுங்கள். பிரெஞ்சுச் செய்முறைகள் இதில் ஓர் இலையும் சேர்க்கச் சொல்லும். அது லாரல் இலை. நம் பிரிஞ்சி இலை அன்று. பிரிஞ்சி இலை பட்டை மரத்தின் உறவு என்பதால் சாஸில் பிரியாணி வாசம் எட்டிப்பார்க்கும். லாரல் கிடைக்கவில்லையென்றால் இலை இல்லாமலே செய்யலாம்.

அடி கனமான பாத்திரத்தை இளந்தீக்குச் சற்றே கூடுதலான தீயில் வைத்து 40 கிராம் வெண்ணெயை உருக்குங்கள். நுரை அடங்கியதும் 40 கிராம் மைதாவை ஒரே தடவையில் கொட்டி, மரக்கரண்டியால் இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். கலவை ஈர மணல் போலாகி, பிறகு நுண்ணிய குமிழ்களோடு நுரைக்கும். வாசனை பச்சை மாவிலிருந்து பிஸ்கட்டுக்கு மாறும். நிறம் மாறுவதற்குள் அடுப்பிலிருந்து இறக்கி ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

இப்போது பால். வடிகட்டிய பாலில் 100 மி.லி. மட்டும் ஊற்றி, முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டியால் வேகமாக அடியுங்கள். சாஸ் போலவே இருக்காது. பிசைந்த மாவுபோல் இறுகும். பயந்துபோய் மீதிப் பாலை மொத்தமாகக் கவிழ்ப்பது இந்தக் கட்டத்தில்தான். கவிழ்த்துவிடாதீர்கள். இறுகிய நிலையில்தான் கம்பிக்குப் பிடிமானம் கிடைத்துக் கட்டிகள் நசுங்கும். நீர்த்த சாஸில் கட்டிகள் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். வழவழப்பானதும் இன்னொரு 100, பிறகு மீதியெல்லாம். பாத்திரத்தை மறுபடி அடுப்பில் ஏற்றி, மூலைகளையும் விடாமல் துழாவியபடி கொதிக்கவிடுங்கள்.

கொதித்ததும் கெட்டியாகிவிடும், வேலை முடிந்ததாகத் தோன்றும். முடியவில்லை. தீயை மிகக் குறைத்துப் பத்து நிமிடம் மெல்லக் கொப்பளிக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தை விட்டவர்களின் பெஷமெல்தான் நாக்கில் பசைபோல் ஒட்டுவது. கடைசியில் உப்பு, ஒரு சிட்டிகை துருவிய ஜாதிக்காய், வெள்ளை மிளகுத்தூள். கருமிளகும் போடலாம், புள்ளி புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். ஜாதிக்காயை அள்ளிப் போட்டால் மருந்து வாசனை வந்துவிடும்.

கட்டி தட்டிவிட்டால் சல்லடையில் வடிகட்டிக் கரண்டியால் அழுத்தித் தேயுங்கள். மிக்சியிலும் அடிக்கலாம், ஆனால் சுடச்சுட ஊற்றி இறுக மூடினால் ஆவி மூடியைத் தூக்கி எறியும். அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேலாக இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றி ருசி பாருங்கள். கருகல் வாசனை ஏறியிருந்தால் மீட்க வழியில்லை. கெட்டி கூடிவிட்டால் சூடான பால் இரண்டு கரண்டி. நீர்த்துவிட்டால் மேலே மாவைத் தூவாதீர்கள். ஒரு கரண்டி மெத்தென்ற வெண்ணெயில் இரண்டு கரண்டி மைதாவைப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டிக் கொதிக்கும் சாஸில் ஒவ்வொன்றாகக் கரையுங்கள். அதுவும் ரூதான், வறுபடாத ரூ. ஆகவே அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் கொதிக்க வேண்டும்.

ஆறினால் ஆடை படியும். மேற்பரப்பில் சிறிது வெண்ணெயைத் தேய்த்துவிட்டாலோ, வெண்ணெய்த்தாளைச் சாஸின் மேல் ஒட்டினாற்போல் வைத்தாலோ படியாது.

எளிய இரவுக்கு: க்ரோக் மெஸ்யூ

1910ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் காப்பிக்கடைகளில் தலைகாட்டிய ரொட்டி இது. மேலே ஒரு பொரித்த முட்டையை வைத்தால் 'க்ரோக் மதாம்'.

இரண்டு பேருக்கு 250 மி.லி. பாலும், வெண்ணெயும் மைதாவும் தலா 25 கிராமும். சாஸ் தயாரானதும் அடுப்பை அணைத்து, 50 கிராம் துருவிய சீஸைக் கலந்துவிடுங்கள். கொதிக்கும்போது சீஸைப் போட்டால் அதன் புரதம் இறுகி எண்ணெய் பிரியும், சாஸ் திரிதிரியாகும். அசல் சீஸ் க்ரூயேர், காம்தே அல்லது எமந்தால். கிடைக்கும் இடத்தில் விலை கையைக் கடிக்கும் என்பதால், முற்றிய செட்டாரும் கொஞ்சம் மொசரெல்லாவும் கலந்துகொள்ளலாம். மொசரெல்லா மட்டும் என்றால் இழுபடும், ருசி இருக்காது.

நான்கு துண்டு ரொட்டியின் ஒரு பக்கத்தில் வெண்ணெய் தடவித் தோசைக்கல்லில் லேசாக வாட்டிக்கொள்ளுங்கள். வாட்டாத ரொட்டி சாஸை உறிஞ்சி நொதநொதவென்றாகிவிடும். வாட்டிய பக்கம் வெளியே இருக்கட்டும். உள்ளே ஒரு கரண்டி சாஸ், கொஞ்சம் டிஜோன் கடுகு (பிரெஞ்சுக் கடுகு விழுது), வேகவைத்த பன்றித்தொடை இறைச்சித் துண்டு, சீஸ். மேலே இன்னொரு ரொட்டி. அதன்மேல் தாராளமாகச் சாஸ், ஓரம்வரை. மூடாமல் விட்ட ஓரம் கருகும். மேலே இன்னும் 50 கிராம் சீஸ். ஓவனில் 200 டிகிரியில் பத்து நிமிடம். பிறகு மேல் கம்பியை மட்டும் இரண்டு நிமிடம் எரியவிட்டால் பொரிந்த புள்ளிகள் வரும். பன்றி வேண்டாதவர்கள் கோழியோ, வெண்ணெயில் தண்ணீர் சுண்டும்வரை வதக்கிய காளானோ வைக்கலாம். தண்ணீர் சுண்டாத காளான் ரொட்டியை நனைத்துவிடும்.

கிராத்தான், அதன் போலிகள்

ஒரு நடுத்தரக் காலிஃப்ளவரைப் பூக்களாகப் பிரித்து உப்புநீரில் ஆறு நிமிடம் வேகவைத்து, வடிகட்டி, சல்லடையிலேயே பத்து நிமிடம் ஆவி போக விடுங்கள். கிராத்தானில் தண்ணீர் பிரிந்து நிற்பதற்கு ஏறக்குறைய எப்போதும் இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்ததே காரணம். பூவுக்குள் ஒளிந்திருந்த நீர் ஓவனில் வெளியே வந்து சாஸை நீர்க்கச் செய்கிறது. அரை லிட்டர் பாலில் 40 கிராம் அளவிலான சாஸ், அதில் பாதி சீஸ், மேலே மீதிச் சீஸ். மொத்தம் 80 கிராம். 200 டிகிரி, 20 முதல் 25 நிமிடம். ஓரத்தில் கொப்பளித்து மேலே பொன்னிறம் வர வேண்டும். எடுத்தபின் ஐந்து நிமிடம் விட்டால் சாஸ் இறுகி, வெட்டும்போது ஓடாது.

உருளைக்கிழங்கில் செய்யும் புகழ்பெற்ற கிராத்தான் தோஃபினுவாவுக்குப் பெஷமெல் தேவையே இல்லை. இணையச் செய்முறைகள் பலவும் ஊற்றச் சொல்கின்றன. அது தவறு என்பதைவிட வீண் என்பேன். கிழங்கின் ஸ்டார்ச்சே சாஸைக் கெட்டியாக்கிவிடும். ஒரே நிபந்தனை: மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சீவிய துண்டுகளைத் தண்ணீரில் அலசக் கூடாது. ஒரு கிலோ கிழங்கு, 400 மி.லி. பால், 300 மி.லி. கிரீம், நசுக்கிய ஒரு பூண்டுப் பல், உப்பு ஆகியவற்றைச் சட்டியில் மெல்லக் கொதிக்கவைத்துப் பால் சற்றுத் தடித்ததும் தட்டில் பரப்பி, 160 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம். கத்தி தடையின்றி இறங்க வேண்டும். அட்டைப்பெட்டியில் வரும் 25 சதவீதக் கொழுப்புக் கிரீம் கடும் கொதியில் திரியக்கூடும், அதனால் தீ இளந்தீயாகவே இருக்கட்டும்.

பாலுக்குப் பதில் சாறு

அதே ரூவில் பாலுக்குப் பதில் கோழிச்சாறு ஊற்றினால் அது வெலூத்தே. 'வெல்வெட் போன்றது' என்று பொருள். வீட்டில் செய்யத்தக்க பிரெஞ்சு விருந்துக் குழம்புகளில் சிறந்த ஒன்றான பிளாங்கெத் இதில்தான் பிறக்கிறது. அசல் கன்றிறைச்சியில். கோழியிலும் நன்றாக வரும், நேரமும் மிச்சம்.

800 கிராம் தோல் நீக்கிய கோழித்தொடையை ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு கேரட், கிராம்பு குத்திய வெங்காயம், உப்பு சேர்த்து 35 நிமிடம் மெல்லக் காயவிடுங்கள். மேலே வரும் அழுக்கு நுரையை எடுத்துவிடுங்கள். எதையும் சிவக்க வறுக்கக் கூடாது. பிளாங்கெத் என்ற பெயரே வெண்மையைக் குறிப்பது. சாற்றை வடிகட்டி அரை லிட்டர் எடுத்து, 30 கிராம் வெண்ணெய், 30 கிராம் மைதாவில் ரூ செய்து அதில் ஊற்றுங்கள். கால் மணி நேரம் கொதிக்கட்டும். கோழியும் வதக்கிய 200 கிராம் காளானும் அதில் போகட்டும்.

கடைசிக் கட்டம் நிதானமாகச் செய்ய வேண்டியது. ஒரு கிண்ணத்தில் இரண்டு மஞ்சள் கருவும் 100 மி.லி. கிரீமும் கலந்து, சூடான சாஸ் ஒரு கரண்டியை அடித்துக்கொண்டே அதில் ஊற்றுங்கள், இன்னொரு கரண்டி, பிறகு கிண்ணத்தை முழுதும் சட்டியில் சேர்த்து இளந்தீயில் துழாவுங்கள். கொதி வரக் கூடாது. மாவு இருப்பதால் மஞ்சள் கரு அவ்வளவு சீக்கிரம் திரியாது. ஆனாலும் கொதித்தால் வழவழப்புப் போய்விடும். அரை எலுமிச்சைச் சாறு பிழிந்து இறக்குங்கள். பிரான்சிலும் இதைச் சோற்றோடுதான் பரிமாறுகிறார்கள்.

இதே வெலூத்தேயில் வேகவைத்த காலிஃப்ளவரைச் சேர்த்து அரைத்தால் நல்ல சூப். அதன்மேல் சில பிரெஞ்சுச் சமையல்காரர்கள் 'வதுவான்' பொடியை வெண்ணெயில் சூடாக்கி விடுகிறார்கள். அந்தப் பெயரைத் தமிழர் அடையாளம் கண்டுகொள்ளலாம்: புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குப் போன நம் வெங்காய வடகம்தான். அங்கே போய்ப் பதவி உயர்ந்திருக்கிறது.

விருந்துக்கு: சீஸ் சூஃப்ளே

சூஃப்ளே என்பது கெட்டிப் பெஷமெல்லும் அடித்த வெள்ளைக் கருவும். வெள்ளைக் கருவை அடிக்கும்போது உள்ளே சிறைப்பட்ட காற்றுக் குமிழ்கள் ஓவன் சூட்டில் விரிகின்றன. கலவையின் நீர் ஆவியாகி அவற்றுக்குள் புகுந்து மேலும் ஊதுகிறது. அதற்குள் முட்டைப்புரதம் வெந்து சுவராக நின்றுவிட வேண்டும். வெளியே எடுத்ததும் ஆவி குளிர்கிறது, சூஃப்ளே ஐந்து நிமிடத்துக்குள் அமுங்குகிறது. அமுங்காத சூஃப்ளே கிடையாது. ஓவனுக்குள்ளேயே எழாமல் இருந்தால்தான் அது தோல்வி.

நான்கு பேருக்கு 250 மி.லி. பால், வெண்ணெயும் மைதாவும் தலா 30 கிராம், 100 கிராம் துருவிய சீஸ், நான்கு மஞ்சள் கரு, ஐந்து வெள்ளைக் கரு. பிரெஞ்சுச் செய்முறைகள் மூன்று மஞ்சள், நான்கு வெள்ளை என்று சொல்லக்கூடும். அங்கே முட்டை 53 கிராமுக்கு மேல்தான் எடை இருக்கும். நம் கடை முட்டை பல சமயம் அதைவிடச் சிறியதாக இருக்கும்.

ஒன்றரை லிட்டர் கொள்ளும் நேர்சுவர்ப் பாத்திரத்தில் மெத்தென்ற வெண்ணெயை அடியிலிருந்து விளிம்பை நோக்கி மேல்வாக்கில் தடவி, பொடித்த ரொட்டித்தூளைத் தூவித் தட்டிவிடுங்கள். விளிம்பில் விரலால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டால் கலவை எங்கும் ஒட்டிக்கொள்ளாமல் நேராக ஏறும். ஓவனை முன்கூட்டியே 190 டிகிரிக்குச் சூடாக்கி, உள்ளே ஒரு தட்டையும் காயவிடுங்கள். சூஃப்ளேக்கு அடியிலிருந்து சூடு வேண்டும்.

பெஷமெல் செய்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் மஞ்சள் கருவை ஒவ்வொன்றாகக் கலந்து, சீஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாஸ் அளவுக்குமேல் சூடாக இருந்தால் கரு வெந்து துகளாகும். ஜில்லென்று ஆகிவிட்டால் இறுகிப்போய் வெள்ளைக் கருவோடு கலக்காது. உப்பு, ஜாதிக்காய் இங்கே சற்றுத் தூக்கலாக இருக்கலாம். வெள்ளைக் கரு எல்லாவற்றையும் மந்தமாக்கிவிடும்.

வெள்ளைக் கரு அடிக்கும் பாத்திரத்தில் எண்ணெய்ப்பசை, மஞ்சள் கருத் துளி எதுவும் கூடாது. கொழுப்பு இருந்தால் நுரை நிற்காது. பிளாஸ்டிக் கிண்ணம் எவ்வளவு கழுவினாலும் பிசுக்கைப் பிடித்துவைத்திருக்கும், எவர்சில்வர் நல்லது. சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு அடியுங்கள். நுரை உடையாமல் இருக்க அது உதவும். கம்பியைத் தூக்கினால் நுனி நின்று, மூக்கு மட்டும் லேசாக வளைய வேண்டும். மேற்பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். அதற்குமேல் அடித்தால் பஞ்சுப் பொதிபோல் வறண்டு உதிரியாகும், சாஸோடு கலக்கவே மறுக்கும். கலக்கியே தீருவோம் என்று கிளறினால் காற்றெல்லாம் போய்விடும். அடித்தது போதாமல் இருப்பதைவிட அதிகமாக அடிப்பதே வீடுகளில் நடக்கும் பெரிய தவறு.

கால் பங்கு வெள்ளையைச் சாஸில் போட்டுத் தயங்காமல் கலக்குங்கள். சாஸை இளக்குவது அதன் வேலை. மீதியை இரண்டு தவணையாகச் சேர்த்து, அகலக் கரண்டியை நடுவில் இறக்கி, அடிவழியாக இழுத்து மேலே மடித்துப் போடுங்கள். பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி மறுபடியும். அங்கங்கே வெள்ளைத் திட்டு தெரிந்தாலும் பரவாயில்லை, நிறுத்திவிடுங்கள். பாத்திரத்தின் முக்கால் உயரம்வரை ஊற்றி, காய்ந்த தட்டின் மேல் வைத்து 28 முதல் 32 நிமிடம். ஆளுக்கொரு சிறு கிண்ணமாகச் செய்தால் 200 டிகிரியில் 13 முதல் 15 நிமிடம். பெரிய பாத்திரமென்றால் முதல் 20 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். அசைத்தால் நடு லேசாக ஆட வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் உள்ளே சற்றுக் குழைந்திருப்பதைத்தான் விரும்புவார்கள்.

சிறிய ஓ.டி.ஜி. (மேசைமேல் வைக்கும் மின் ஓவன்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. எழும் சூஃப்ளே மேல் கம்பியை நெருங்கிக் கருகும். கீழ்த்தட்டில் வையுங்கள், சூடேறிய பிறகு கீழ்க் கம்பியை மட்டும் எரியவிடுங்கள், நிறத்துக்காகக் கடைசி ஐந்து நிமிடம் மேல் கம்பியைப் போடுங்கள். ஒரு பெரிய பாத்திரத்தைவிடச் சிறு கிண்ணங்கள்தான் இந்த ஓவன்களுக்குத் தோது.

விருந்தன்று படபடப்பைக் குறைக்க வழி உண்டு. மஞ்சள் கருவும் சீஸும் சேர்த்த சாஸை முந்தைய நாளே செய்து குளிர்பெட்டியில் வைக்கலாம். மறுநாள் வெதுவெதுப்பாக்கி, வெள்ளைக் கருவை மட்டும் அப்போது அடித்தால் போதும். கூடவே பச்சை இலை சாலட் போதும்: ஒரு பங்கு வினிகரில் உப்பையும் கால் கரண்டி டிஜோன் கடுகையும் கரைத்து, மூன்று பங்கு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடிக்க வேண்டும். உப்பை எண்ணெய்க்குப் பிறகு போட்டால் கரையாது. இலையில் ஈரம் இருந்தால் சாஸ் ஒட்டாது.

பெஷமெல் மீந்தால் மூடிக் குளிர்பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம். எடுக்கும்போது பன்னீர்க் கட்டிபோல் இறுகியிருக்கும், கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். இரண்டு கரண்டி பாலோடு இளந்தீயில் வைத்துக் கம்பியால் அடித்தால் பழைய பதத்துக்கு இளகிவிடும். அடுத்த நாள் இரண்டு ரொட்டிக்கு அது போதும்.